தற்கொலைத் தாக்குதலை எந்த மதத்தின் கணக்கில் எழுதுவது?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு மலையகத்து டவுன்களில், பஸ்ஸில், தேத்தண்ணிக் கடையில், சம்பள நாளில் தோட்டத்து ஒப்பீஸ் வாசலில், எங்கே போனாலும் ஒரே பேச்சுத்தான்: "அவங்க மதத்துலயே அப்படித்தான் சொல்லியிருக்காம்." சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. தேவாலயத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொன்றுவிட்டார்களே என்ற கோபம், அடுத்தது எங்கேயோ என்ற பயம். ஆனால் அவர்களில் நாற்பது வயசு தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்க வேண்டும். 1998இல் புத்தரின் பல்லை வைத்திருக்கிற கண்டி தலதா மாளிகை வாசலில் லொறிக்குண்டு வெடித்தபோது இதே பேச்சை, ஆளை மட்டும் மாற்றி, நம்மைப் பார்த்துப் பேசினார்கள். தமிழனுக்கு அது ரத்தத்திலேயே ஊறியது என்றார்கள்.

இரண்டு பேச்சும் பிழை என்றுதான் நான் நினைக்கிறேன், இரண்டும் ஒரே காரணத்தால் பிழை. அதை வெறும் நல்லெண்ணத்தில் சொல்லவில்லை. இந்த வகைத் தாக்குதலின் வரலாற்றைக் கொஞ்சம் நீளமாகப் பார்த்தால் அது எந்த மதத்துக்கும் எந்த இனத்துக்கும் சொந்தமாக நிற்காமல் ஊர் ஊராக, நம்பிக்கை மாற்றி நம்பிக்கை போவது தெரியும்.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக வைத்துக்கொள்வோம். போருக்குப் போகிற எவனும் சாகலாம் என்று தெரிந்துதான் போகிறான், அது வேறு. தாக்குகிறவனுடைய சாவு அந்தத் தாக்குதலின் பகுதியாகவே இருக்க வேண்டும். அவன் செத்தால்தான் காரியம் நடக்கும், அல்லது தப்பி வருவதற்கு வழியே வைக்காமல் போகிறான். உண்ணாவிரதம் இருந்து சாவதும் தீக்குளிப்பதும் இதில் சேராது. 1963இல் சைகோன் தெருவில் தன்னை எரித்துக்கொண்ட திக் குவாங் டுக் என்ற புத்த பிக்குவும், 1987இல் நல்லூரில் நீர்கூட அருந்தாமல் கிடந்து செத்த திலீபனும் தங்கள் சாவோடு வேறு யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. இந்த வேறுபாட்டைக் கலந்தடித்தால் பேச்சு எங்கேயோ போய்விடும்.

தமிழ் வரலாற்றிலும் அப்படிக் கலந்தடிக்கிற வழக்கம் நிறைய உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் தன் கழுத்தில் தானே கத்தியை வைத்துக்கொண்டு நிற்கிற வீரனின் சிலைகளைப் பார்க்கலாம், நவகண்டம் என்பார்கள். அரசனின் வெற்றிக்காகக் கொற்றவைக்குத் தன்னையே பலி கொடுத்தவர்கள். அது பலி, தாக்குதல் இல்லை. அதே போலச் சோழர் படையில் வேளைக்காரர் என்று ஒரு பிரிவு இருந்தது, அரசனைக் காப்பதற்கு உயிரையும் கொடுப்பதாக உறுதி எடுத்தவர்கள். சோழர் ஆட்சி இலங்கையில் முடிந்த பிறகும் அவர்கள் இங்கேயே தங்கி முதலாம் விஜயபாகுவிடம் வேலை செய்தார்கள். பொலன்னறுவையில் அவர்கள் வைத்த தமிழ்க் கல்வெட்டு இன்றைக்கும் இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? புத்தரின் தந்த தாதுவை வைத்திருந்த மாளிகையைக் காக்கும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றுக்கொண்டதாக. தமிழ் வீரர்கள், சைவர்களும் இருந்திருப்பார்கள், தலதாவுக்குக் காவல் நின்றிருக்கிறார்கள். ரத்தத்தில் ஊறியது என்று பேசுகிறவர்கள் இந்தக் கல்வெட்டையும் அதே ரத்தத்தின் கணக்கில் எழுத வேண்டுமே.

சரி, தாக்குதலுக்கு வருவோம். பைபிளில் சிம்சோன் கதை எல்லோருக்கும் தெரியும். கண்ணைப் பிடுங்கி, காசாவில் எதிரியின் கோயிலில் கட்டி வைத்தார்கள், அவன் தூணைச் சாய்த்துத் தானும் செத்துத் தன்னோடு இருந்தவர்களையும் கொன்றான். அது கதையாகவே இருக்கட்டும். முதலாம் நூற்றாண்டு யூதேயாவில் ரோமருக்கு எதிராகக் கிளம்பிய சிக்காரி என்ற குழுவினர் கூட்டத்துக்குள் கத்தியோடு புகுந்து குத்தினார்கள், ஆனால் பெரும்பாலும் கூட்டத்தோடு கலந்து தப்பிக்கப் பார்த்தார்கள். தப்பிக்கவே பார்க்காதவர்கள் என்றால் பாரசீகத்தின் அலமூத் கோட்டைக்காரர்களைத்தான் சொல்ல வேண்டும். 1090இல் ஹசன் அல் சபாஹ் அந்த மலைக்கோட்டையைப் பிடித்தார். இஸ்மாயிலி ஷியாக்களில் ஒரு சிறு பிரிவு, சுற்றிலும் செல்ஜுக் பேரரசு, நேருக்கு நேர் மோத ஆள் பலம் கிடையாது. ஆகவே ஓர் ஆளை மட்டும் அனுப்பினார்கள். 1092இல் செல்ஜுக்குகளின் பெரிய அமைச்சர் நிசாம் அல் முல்க்கிடம் சூஃபித் துறவி வேஷத்தில் மனு கொடுப்பது போல ஒருவன் வந்து குத்தினான். விஷமோ தூரத்திலிருந்து அம்போ இல்லை, எப்போதும் கைக்கத்திதான், குத்தியவன் அங்கேயே பிடிபட்டுச் சாவான். அவர்கள் கொன்றது அமைச்சர்களையும் தளபதிகளையும் நீதிபதிகளையும்தான். சந்தையில் சாமான் வாங்க வந்தவனைக் கொல்வது அவர்கள் வழக்கமாக இருக்கவில்லை.

அதே வேலையைக் கத்தோலிக்கத் துறவி ஒருவரும் செய்திருக்கிறார். 1589இல் பிரான்ஸ் அரசன் மூன்றாம் ஹென்றியிடம் கடிதம் கொடுக்கப் போன ஜாக் கிளெமோன் என்ற தொமினிக்கன் சபைத் துறவி அவனை வயிற்றில் குத்தினார், காவலர்கள் அந்த இடத்திலேயே அவரைக் கொன்றார்கள். அவரைப் புனிதராக்க வேண்டும் என்று கேட்டவர்களும் அன்றைக்கு இருந்தார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது கேரளத்துச் சாவேர், அதாவது சாகத் துணிந்து போன வீரர்களின் கதை. நமக்குப் பக்கத்து மண், கிட்டத்தட்ட நம் மொழி, நம் பகவதி. பாரதப்புழைக் கரையில் திருநாவாயாவில் 12 வருஷத்துக்கு ஒருமுறை மாமாங்கம் நடக்கும். அந்த விழாவில் மேடையேறி நிற்கிற உரிமை முன்பு வள்ளுவநாட்டு அரசரிடம் இருந்தது, கோழிக்கோட்டுச் சாமூதிரி அதைப் பறித்துக்கொண்டார். வள்ளுவநாட்டுக்குப் படை எடுத்துப் போய் மீட்கிற பலம் இல்லை. ஆகவே ஒவ்வொரு மாமாங்கத்துக்கும் சில நாயர் வீட்டு ஆண்கள் அங்காடிப்புரம் திருமாந்தாங்குன்று பகவதி கோயிலில் கும்பிட்டுவிட்டு வாளும் கேடயமுமாகப் புறப்பட்டு வருவார்கள். எதிரே சாமூதிரியின் ஆயிரக்கணக்கான காவல் வீரர்கள். மேடைக்கு எட்டும் முன்பே வெட்டுப்பட்டு விழுவார்கள், உடல்களைப் பக்கத்துக் கிணற்றில் யானையை வைத்துத் தள்ளியதாக அங்கே சொல்வார்கள். அந்தக் கிணறு இன்னும் காட்டப்படுகிறது. ஒருமுறை பதினாறு வயசுப் பையன் ஒருவன் மேடை வரைக்கும் வந்துவிட்டதாகவும், அவன் வீசிய வாள் குத்துவிளக்கில் பட்டதால் சாமூதிரி பிழைத்ததாகவும் மலபாரில் கதை உண்டு. இப்படி நூற்றாண்டுக்கணக்கில் நடந்து 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் மாமாங்கமே நின்றது.

இதில் மதம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கோயில் இருக்கிறது, வழிபாடு இருக்கிறது, ஆனால் சாமூதிரியும் இந்துதான், அதே பகவதியைக் கும்பிட்டவர்தான். அந்தப் பையன்களை அனுப்பியது பறிபோன ஓர் உரிமை, அதைப் படையால் மீட்க முடியாத அரசர், முன்பு செத்த மாமனுக்கும் தகப்பனுக்கும் பழிவாங்கக் கடமைப்பட்ட குடும்பம், பிறகு ஊர் பாடுகிற பாட்டு. பலவீனமான பக்கம், கிட்டப் போக முடியாத எதிரி, அனுப்பி வைக்கிற ஓர் அமைப்பு, செத்தவனை நினைவில் வைத்துக் கொண்டாடுகிற கூட்டம் என்று இந்த நாலும் எங்கே சேர்கிறதோ அங்கே சாமி யார் என்பது மாறிக்கொண்டே வருகிறது. அதே மலபாரில் 19ஆம் நூற்றாண்டில் ஜமீன்களுக்கும் வெள்ளைக்காரருக்கும் எதிராக மாப்பிளா முஸ்லிம்கள் சிறு குழுக்களாகக் கிளம்பிக் கடைசி ஆள் சாகும் வரை சண்டை போட்டார்கள். பிலிப்பைன்ஸின் சூலுத் தீவுகளில் ஸ்பானியர்களுக்கு எதிராகவும் அதுவே நடந்தது.

அப்புறம் டைனமைட் வந்தது. 1867இல் நோபல் அதைக் கண்டுபிடித்தார், சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும். நம் மலையைக் குடைந்து பாதை போட்ட காலமும் அதுதான். கத்தியால் ஒருவன் ஒருவனைத்தான் கொல்ல முடியும், வெடிமருந்தால் பக்கத்தில் நிற்கிறவன், வேடிக்கை பார்க்கிறவன் எல்லோரையும். இந்த மாற்றத்தை முதலில் பெரிதாகக் காட்டியது ரஷ்யா. 1881 மார்ச் 1 (அவர்கள் பழைய நாட்காட்டியில்), சென் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாய்க்கால் ஓரமாக இரண்டாம் அலெக்சாண்டர் மன்னர் வண்டியில் போகிறார். முதல் குண்டு வண்டியைச் சேதப்படுத்தியது, மன்னருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இறங்கி அடிபட்டவர்களைப் பார்க்க வந்தார். அப்போது வேலியில் சாய்ந்து நின்ற ஹ்ரினெவியெட்ஸ்கி என்ற இளைஞன் அவருடைய காலடியிலேயே இரண்டாவது குண்டைப் போட்டான். இரண்டு பேரும் அன்றைக்கே செத்தார்கள். அவன் எழுதி வைத்த கடைசிக் கடிதத்தில் வெற்றியைத் தான் பார்க்கப் போவதில்லை என்று சொல்லியிருந்தான். அவனை அனுப்பிய இயக்கம் சொர்க்கம் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. அவர்கள் சோசலிசப் புரட்சிக்காரர்கள், கடவுளைப் பற்றிய பேச்சே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். பண்ணையடிமை முறையை ஒழித்த மன்னர் அவர். ஆட்சியில் சில சீர்திருத்தங்களுக்கு அன்று காலையில்தான் ஒப்புதல் கொடுத்திருந்தார். மகன் வந்ததும் அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டார். குண்டு போட்டவன் போலந்துக் கத்தோலிக்கக் குடும்பத்தவன். ஆனால் அந்தக் குழுவில் யூதப் பெண் ஒருத்தியும் இருந்தாள் என்பதைப் பிடித்துக்கொண்டு "யூதர்கள் மன்னரைக் கொன்றுவிட்டார்கள்" என்று வதந்தி கிளம்பியது. 1881இலும் 1882இலும் தெற்கு ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ஊர் ஊராக யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் உடைத்தார்கள். மன்னரின் பெயரைத் தவிர வேறெதுவும் அறியாத தையல்காரனும் பால்காரியும் அடி வாங்கினார்கள். இதைப் படிக்கும்போது நமக்கு யாருடைய முகமெல்லாம் ஞாபகத்துக்கு வருகிறது?

ஜப்பான் விஷயம் இன்னொரு வகை. இங்கே பலவீனமான குழு அனுப்பவில்லை, ஒரு அரசாங்கமே சீருடை போட்டு அனுப்பியது. 1944 ஒக்டோபரில் பிலிப்பைன்ஸ் கடலில் ஜப்பான் கிட்டத்தட்டத் தோற்றுவிட்ட நேரம், நல்ல விமானிகள் செத்துப் போயிருந்தார்கள், எரிபொருள் இல்லை. அட்மிரல் ஒனிஷி விமானத்தையே குண்டாக்கி அமெரிக்கக் கப்பலில் மோதச் சொன்னார். ஒக்டோபர் 25ஆம் திகதி சென் லோ என்ற விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. போர் முடிவதற்குள் கிட்டத்தட்ட 3,800 விமானிகள் அப்படிச் செத்தார்கள். அவர்களில் நிறையப் பேர் படிப்பைப் பாதியில் நிறுத்திப் படையில் சேர்க்கப்பட்ட பல்கலைக்கழக மாணவர்கள். விருப்பமா என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டார்கள்தான். ஆனால் நண்பர்கள் எல்லோரும் நிற்கிற வரிசையில், அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது, "விருப்பமில்லை" என்று எழுத எத்தனை பேரால் முடியும்? அந்தப் பையன்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பேரரசரைப் பற்றி ஒரு வரி, அதற்குப் பிறகு முழுக்க அம்மா, தங்கச்சி, வீட்டு மரம். ஜப்பான் சரணடைந்த மறுநாள் ஒனிஷியும் தன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தார். அவர்கள் புத்த, ஷிண்டோ மரபில் வளர்ந்தவர்கள். அதற்காக இன்றைக்கு நுவரெலியாவுக்குச் சுற்றுலா வருகிற ஜப்பான்காரரைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லையே.

நாம் இன்றைக்குத் தெரிந்து வைத்திருக்கிற வடிவம், வெடிமருந்து ஏற்றிய வண்டி, இடுப்பில் கட்டிய அங்கி, முன்கூட்டியே எடுத்து வைத்த வீடியோ, எல்லாம் 1980களில் லெபனானில்தான் பெரிதாகத் தொடங்கியது. 1983 ஒக்டோபர் 23ஆம் திகதி பெய்ரூட்டில் இரண்டு லொறிகள் 241 அமெரிக்கப் படையினரையும் 58 பிரெஞ்சுப் படையினரையும் கொன்றன. சில மாதங்களில் அமெரிக்கப் படை லெபனானை விட்டுப் போனது, அதை உலகத்தில் இருந்த எல்லா ஆயுதக் குழுக்களும் கவனித்தன. அதைச் செய்தவர்கள் ஷியா முஸ்லிம்கள். ஆனால் 1985இல் அதே லெபனானில் இஸ்ரேல் இராணுவத் தொடரணிமேல் காரை மோதிய 16 வயது சனா மெஹைத்லி, ஒரு கிறிஸ்தவர் தொடங்கிய மதச்சார்பற்ற தேசியக் கட்சியைச் சேர்ந்தவள். துருக்கியில் 1996இல் ஒரு பெண்ணை அனுப்பிய குர்திஷ் இயக்கம் இடதுசாரி. 1995இல் பஞ்சாப் முதலமைச்சர் பியாந்த் சிங்கைக் கொன்ற குண்டுதாரி சீக்கியர், கொல்லப்பட்டவரும் சீக்கியர்.

இப்போது நம் நாடு. 1987 ஜூலை 5ஆம் திகதி வடமராட்சியில் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாமுக்குள் புலிகள் இயக்கத்தின் மில்லர் வெடிமருந்து லொறியை ஓட்டிப் போனார். கரும்புலிகள் என்ற பிரிவு அங்கிருந்து வளர்ந்தது. தலைவரோடு கடைசிச் சாப்பாடு, படம், பிறகு நினைவு நாள். அனுப்புவதும் கொண்டாடுவதும் முழு ஏற்பாடாக இருந்தது. இந்து வீட்டுப் பிள்ளைகளும் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள், சொர்க்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 1980 முதல் 2003 வரை உலகத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதல்களை எண்ணிய ரொபர்ட் பேப் என்ற அமெரிக்க ஆய்வாளர் 315 கணக்கு வைத்தார், அதில் 76 புலிகளுடையது. வேறெந்த அமைப்பும் அந்தக் காலத்தில் அவ்வளவு செய்யவில்லை. இதைச் சொல்லும்போது நம்மில் சிலருக்கு முகம் சுருங்கும், எனக்குத் தெரியும். 77இலும் 83இலும் தோட்டங்களிலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போன குடும்பங்கள் நம் குடும்பங்கள்தான், அந்தப் பிள்ளைகளில் சிலர் இயக்கங்களுக்குப் போனார்கள், அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் முகாமுக்குள் போன லொறியில் தொடங்கியது சில வருஷத்திலேயே கூட்டத்துக்குள் போனது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி, 1993 மே தினத்தில் கொழும்பில் ஜனாதிபதி பிரேமதாச, 1994இல் தொட்டலங்கத் தேர்தல் கூட்டத்தில் நம் பக்கத்து அரசியல்வாதி காமினி திஸாநாயக்காவும் சுற்றி நின்ற ஐம்பது பேருக்கு மேலும், 1996இல் மத்திய வங்கியில் ஏறத்தாழ 90 பேர், பெரும்பாலும் வேலைக்கு வந்த குமாஸ்தாக்களும் தெருவில் போனவர்களும். 1999இல் நீலன் திருச்செல்வம் காரில் போகும்போது கொல்லப்பட்டார், அரசியல் தீர்வுக்காக எழுதிக்கொண்டிருந்த ஒரு தமிழர். தமிழனுக்காக என்று சொல்லி வந்த குண்டு தமிழனையும் பிரித்துப் பார்க்கவில்லை.

கண்டிக்கு வந்தது 1998 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, பொழுது விடிகிற நேரம். சுதந்திரப் பொன்விழாவைப் பெப்ரவரி 4ஆம் திகதி கண்டியில் நடத்த ஏற்பாடு, இங்கிலாந்து இளவரசர் சார்ல்ஸ் வருவதாக இருந்தது. ராஜ வீதியால் சுட்டுக்கொண்டே வந்த லொறி தலதா மாளிகை வாசலில் வெடித்தது. வந்தவர்களையும் சேர்த்து 15க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் கும்பிட வந்த குடும்பத்துக் குழந்தையும் ஒன்று. மாளிகையின் முகப்பும் கூரையும் சிதைந்தன, தந்த தாது இருந்த அறை தப்பியது. விழா கொழும்புக்கு மாறியது, மறுநாளே அரசாங்கம் புலிகளைத் தடை செய்தது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் புலிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது நமக்குத்தான்.

என் மாமா அப்போது கண்டியில் ஒரு சாமான் கடையில் வேலை. பொங்கலுக்குத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சில நாள்தான் ஆகியிருந்தது. அடையாள அட்டை இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆட்களில் நிறையப் பேரிடம் இல்லை, பிறப்புச் சான்றிதழே சரியாக இல்லாதபோது அட்டை எங்கிருந்து வரும்? கையில் இருந்தது தோட்டத்து ஒப்பீஸில் கிளாக்கரையா அடித்துத் தொரை கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று, இங்கிலீஷில். சோதனைச் சாவடியில் நின்றவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியவில்லை, மாமாவுக்கும் தெரியாது. எங்கே பிறந்தாய், யாழ்ப்பாணமா, வவுனியாவா என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தை மாமா வாழ்க்கையில் பார்த்ததில்லை. இரண்டு இரவு பொலிஸில் வைத்திருந்து, முதலாளி வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். அந்த முதலாளி ஒரு முஸ்லிம். கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று அவரும் சொல்லிவிட்டார், கடைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். மாமா அந்தக் கடிதத்தைப் பொலித்தீன் கவரில் போட்டு, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து நாலு துண்டாகும் வரை சட்டைப் பையில் வைத்திருந்தார்.

இப்படித்தான் 2019க்கு வருகிறோம். மூன்று தேவாலயங்கள், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள், 260க்கும் மேற்பட்ட உயிர்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை எந்த மதத்தவனும் போவான், கொழும்பில் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போன நம் பிள்ளைகளும் அங்கேதான் மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். மதத்துக்கு அதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய்யாகிவிடும். அந்தத் தாக்குதலை நடத்திய சஹ்ரான் கும்பல் மதத்தின் பெயரால்தான் பேசியது, ஐஎஸ் அமைப்பின் கொடிக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தது. 2001க்குப் பிறகு, முக்கியமாக 2003இல் அமெரிக்கா ஈராக்குக்குள் போன பிறகு, உலகத்தில் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் மிகப் பெரும்பாலானவை ஜிஹாத் அமைப்புகளுடையவை. ஆனால் அதில் செத்தவர்களில் மிகப் பெரும்பாலானவர்களும் முஸ்லிம்கள்தான், பாக்தாத் சந்தையில், பாகிஸ்தான் பள்ளிவாசலில், காபூல் பள்ளிக்கூட வாசலில். தற்கொலையை இஸ்லாம் பாவம் என்கிறது, கத்தோலிக்கமும் அப்படித்தான், உயிர்க்கொலை கூடாது என்று புத்தரும் சொன்னார். எல்லா வேதத்திலும் தடை இருக்கிறது. இது தற்கொலை இல்லை, தியாகம் என்று அந்தத் தடையைச் சுற்றிப் போக வழி சொல்லிக் கொடுக்கிற ஒருவன்தான் எல்லா இடத்திலும் தேவைப்படுகிறான். சொர்க்கம் என்ற ஆசை அவனுக்கு உதவலாம், ஆனால் ரஷ்யாவிலும் நெல்லியடியிலும் அது இல்லாமலேயே வேலை நடந்தது.

வறுமைதான் காரணம் என்பதும் நிற்காது. உயிர்த்த ஞாயிறு குண்டுதாரிகளில் இரண்டு பேர் கொழும்பின் பெரிய பணக்கார மசாலாப் பொருள் வியாபாரி ஒருவரின் மக்கள், இன்னொருவன் இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவன். வறுமையால் என்றால் நம் லயங்களிலிருந்து எத்தனை பேர் போயிருக்க வேண்டும்? பைத்தியம் என்பதும் இல்லை. ஒரு சின்னக் கூட்டம், அதற்குள்ளேயே பேச்சு, வெளியே இருக்கிற அண்ணன் தம்பியின் குரல் கேட்காத அளவுக்கு இறுக்கம், முன்னாடி நிற்கிறவன் பின்வாங்கினால் அவமானம். கப்பலில் மோதப் போன ஜப்பானின் கமிகசே விமானிகளின் வரிசையிலும் இதேதான் நடந்தது.

தடுக்க முடியாததாகவும் அது இருக்கவில்லை. சஹ்ரானைப் பற்றி முதலில் புகார் கொடுத்தது காத்தான்குடி முஸ்லிம்கள். ஏப்ரல் தொடக்கத்திலேயே இந்திய உளவுத்துறை எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்ததற்காக 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. குண்டுதாரிகளின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான ஜம்இய்யதுல் உலமா அறிவித்தது. இவ்வளவுக்குப் பிறகும் மே மாதத்தில் குருநாகல் பக்கத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தார்கள். நம் டவுன்களில் உடைக்கவில்லை, ஆனால் முஸ்லிம் கடையில் சாமான் வாங்காதே என்று போனுக்குப் போன் செய்தி போனது, நம் ஆட்களும் அதை அனுப்பினார்கள். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புகிற வீட்டைத் தாண்டிப் போய் வேறு கடையில் அரிசி வாங்கினார்கள். என் மாமாவைப் பொலிஸில் இருந்து கூட்டி வந்த முதலாளியின் பிள்ளைகளும் இப்படி ஒரு கடைதான் வைத்திருக்கிறார்கள்.

1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து பிறகு நிரந்தரமாக்கிய பயங்கரவாதத் தடைச் சட்டத்தில்தான் 80களிலும் 90களிலும் தோட்டத்துப் பையன்களை அள்ளிக்கொண்டு போனார்கள். 2019க்குப் பிறகு அதே சட்டம் முஸ்லிம்கள் பக்கம் திரும்பியது. மன்னார்ப் பக்கத்து இளம் முஸ்லிம் கவிஞர் ஒருவரை 2020 மே மாதம் பிடித்தார்கள், தமிழில் அவர் எழுதிய கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றன என்று. வன்முறைக்கு எதிரான கவிதைகளும் அந்தத் தொகுப்பில் இருந்தன, தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் அது விளங்கியிருக்கும். 19 மாதம் உள்ளே இருந்த பிறகுதான் பிணை கிடைத்தது, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.